ஒரே பெயரில் இரண்டு சீட்டுகள்

கியோத்தோ
பிப்ரவரி 2, ஞாயிறு

அன்புள்ள தமாயோவுக்கு,

குளிரைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இங்கே குளிர். ஹகோதாதேயில் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருக்கும் உனக்குக் கியோத்தோக்காரி குளிரைப் பற்றி எழுதினால் சிரிப்பாய் என்பதால் மீதி மூன்று வரியை விட்டுவிடுகிறேன். உன் வீட்டுக்காரரின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? எனக்கு ரத்த அழுத்தம் வந்திருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். ஊறுகாய் இல்லாமல் சோறு எப்படி இறங்கும் என்று கேட்டால், இறங்காவிட்டால் இன்னும் நல்லது என்கிறார்.

உன் புத்தாண்டு அட்டை வந்தது. பாம்பு வருஷத்துக்கு ஒரு பாம்புப் படம், வழக்கம்போல உன் கையெழுத்தில் "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒற்றை வரி. அதன் கீழே பொடி எழுத்தில் அச்சடித்த இன்னொன்று: வயது அறுபதை நெருங்குவதால் இந்த ஆண்டோடு புத்தாண்டு அட்டை அனுப்புவதை நிறுத்திக்கொள்கிறோம், பொறுத்தருள வேண்டும். இப்போது எல்லோரும் செய்வதுதான். இந்த வருடம் எனக்கு இப்படிப் பதினோரு அட்டைகள் வந்தன. மற்ற பத்துப் பேர் நிறுத்தியதில் எனக்கு வேலை மிச்சம். உன்னுடையதைப் படித்தபோதுதான் திக்கென்றது.

ஏனென்றால், நமக்குள் மிச்சமிருந்தது வருடத்துக்கு ஒரு அட்டை மட்டும்தான். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று முப்பத்தேழு வருடமாக என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பரும் பேனாவை எடுத்து, இந்த முறை எழுதிவிடலாம் என்று நினைத்து, கடைசியில் "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதித் தபாலில் போட்டிருக்கிறேன். இனி அதற்கும் இடமில்லை என்றால் சொல்லாமலே போய்விடுவேன் என்று பயமாக இருக்கிறது. எடுத்த எடுப்பில் சொல்லத் தைரியம் போதவில்லை. கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்.

நம் பேராசிரியர் குசுமோதோ சென்செயின் வகுப்பு உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பது அபத்தம். நாலாம் ஆண்டு, கடைசிப் பருவம், புலன் உணர்வு உளவியல். புதன்கிழமை முதல் பீரியட், மண்ணெண்ணெய் அடுப்பு வாசம் வீசும் அந்த நீளமான அறை. முதல் நாள் வந்தவுடன் வணக்கம்கூடச் சொல்லாமல் கரும்பலகையில் சட்டங்களை எழுதினார். மொத்தம் பதினைந்து வகுப்பு. ஐந்து நாள் வராமல் இருக்கலாம். ஆறாவது நாள் வராவிட்டால் பரீட்சை எழுத முடியாது. வகுப்பு முடியும்போது வருகைச் சீட்டு தருவார், பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் சீட்டை எழுதுகிறவர், எழுதச் சொல்லிவிட்டுப் போகிறவர் இருவருக்கும் அந்தப் பாடம் கிடையாது. பிறகு சுண்ணாம்புத் தூளை ஊதிவிட்டு, வாயால் ஒன்று சொன்னார். "பாதி மார்க் பரீட்சைக்கு. பாதி மார்க் சீட்டோட பின்பக்கத்துக்கு. அன்னிக்கு எது புரியலையோ அதை ஒரு வரி எழுதணும். புரிஞ்சதை எழுதாதீங்க, அது எனக்கே தெரியும்."

நீ என் காதில், "அப்ப எனக்கு முழு மார்க்குடி" என்றாய். நான் சிரித்ததை அவர் பார்த்துவிட்டார். என் பெயர் அவருக்குத் தெரிந்தது அப்படித்தான்.

ஏமாற்றக் கூடாது என்று வாரத்துக்கு ஒரு நிறத்தில் சீட்டு கொண்டுவருவார். இந்த வாரம் ரோஜா நிறம் என்றால் அடுத்த வாரம் வான நிறம். எது வரும் என்று யாருக்கும் தெரியாது. நீ முன்வரிசையிலிருந்து கட்டு வரும்போதெல்லாம் கூடுதலாக ஒன்றை உருவி, டிசம்பருக்குள் ஒரு கடையே வைத்துவிட்டாய். கீழ் அறைப் பெண் வந்து, "கசாமா அக்கா, சந்தன நிறம் ஒண்ணு இருக்குமா?" என்று கேட்பாள். நீ அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "சந்தனமா, தந்தமா? மாத்திக் கொடுத்தா என்மேல வராதே" என்பாய். தேமாச்சி பாலத்துக்குப் பின்னால் இருந்த அந்த விடுதி அறையில், ஒரே குளிர்காய் மேசைக்குள் இரண்டு பேர் காலையும் நுழைத்துக்கொண்டு, மாண்டரின் ஆரஞ்சு உரித்துத் தின்றபடி அவரைப் போல நீ பேசிக் காட்டியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அதற்குப் பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை. நிஜமாகவே சொல்கிறேன்.

உன் வரிகள் நன்றாக இருக்கும். "கண்ணை மூடிக்கொண்டால் இருட்டு தெரிகிறது. முதுகுப் பக்கம் ஏன் இருட்டுகூடத் தெரியவில்லை?" என்று நீ ஒரு வாரம் எழுதியதை அவர் வகுப்பில் வாசித்துவிட்டு, அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினார். நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து எழுதியவற்றை அவர் ஒருநாளும் வாசிக்கவில்லை. பொறாமையாக இருந்தது. அதையும் இப்போது சொல்லிவிடலாம்.

இன்றைக்கு அந்த வேலையை நான் பார்க்கிறேன். சீட்டு இல்லை. மாணவிகள் வாசலில் உள்ள கருவியில் அடையாள அட்டையைத் தொட்டுவிட்டு, திரையில் நான் போடும் நாலு இலக்க எண்ணைக் கைபேசியில் அடிக்க வேண்டும். எண் திரையில் வந்த அரை நிமிடத்தில் ஊரெல்லாம் போய்விடும் என்பதால் நடுவில் ஒருமுறை மாற்றுவேன். கல்லூரியிலேயே கறாரான வருகைச் சட்டம் என்னுடையதுதான். சக ஆசிரியர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை வருகைப் போலீஸ் என்கிறார்கள். இந்தச் சோனோபேயிடம் மாட்டினால் அவ்வளவுதான் என்று மூத்த மாணவிகள் புது மாணவிகளைப் பயமுறுத்துகிறார்கள். குசுமோதோ சென்செயின் சட்டத்தை வார்த்தை மாறாமல் வைத்திருக்கிறேன். அடுத்தவருக்காகப் பதிகிறவள், பதியச் சொன்னவள் இருவருக்கும் பாடம் கிடையாது.

போன வெள்ளிக்கிழமை மகிசே என்கிற நாலாம் ஆண்டுப் பெண் என் அறைக்கு வந்து நின்றாள். உட்கார் என்றால் உட்காரவில்லை. டிசம்பரில் ஒரு நாள் உராபே என்கிற தன் தோழியின் அட்டையைத் தானே தொட்டு, எண்ணையும் தானே அடித்ததாகச் சொன்னாள். உராபே அன்று வேலை விஷயமாக ஒசாக்கா போயிருந்தாளாம். கணக்கில் அது எனக்குத் தெரியவே இல்லை. அதை நீக்கினால் உராபேவுக்கு ஆறு நாள் ஆகிறது. பாடம் போனால் பட்டம் இல்லை, பட்டம் இல்லாவிட்டால் ஏப்ரலில் சேரவேண்டிய வேலையும் இல்லை. மகிசேவுக்கும் அதே கதிதான்.

நீ சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதே, ஏன் சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தபடி, "பட்டமளிப்பு அன்னிக்கு அவ பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கணும் சென்செய். இதை மனசுல வச்சுக்கிட்டு எப்படி நிக்கறது?" என்றாள்.

மதிப்பெண் பட்டியலை வரும் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். ஏன் என்று இன்னும் உனக்குச் சொல்லவில்லை. இன்று முடியாது போலிருக்கிறது. இவ்வளவையாவது தபாலில் போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் கிழித்துவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பனியை நீயே வாராதே, ஆள் வைத்துக்கொள்.

அன்புடன்,
இட்சுகோ


கியோத்தோ
பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புள்ள தமாயோவுக்கு,

என் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். இந்தத் தடவை குளிரும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. நேராகச் சொல்கிறேன்.

எண்பத்தெட்டு ஜனவரி இருபது, பதினைந்தாவது வகுப்பு. அன்று நான் ஷிகா மலையில் தெருயூக்கியோடு பனிச்சறுக்கு விளையாடிக்கொண்டிருந்தேன். அந்த ஆளுக்காகவா என்று கேட்பாய். பதினாறு வருடம் குடித்தனம் நடத்தி விவாகரத்தும் ஆன பிறகு நானும் அதைத்தான் கேட்கிறேன். அந்த வருடங்களில் பனிச்சறுக்குப் போகாதவளை யாரும் பெண்ணாகவே மதிக்கவில்லை என்பது மட்டும்தான் என் சமாதானம்.

எனக்கு அதுவரை இரண்டு நாள்தான் விடுப்பு. வராமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நீதான், "கடைசி வகுப்புக்கு வராதவளை அவர் மறக்க மாட்டார்டி. பிப்ரவரியில மேற்படிப்புக்கு நேர்முகத் தேர்வு வச்சுக்கிட்டு வம்பு எதுக்கு? நான் எழுதிடறேன், நீ போய் விழுந்து எழுந்திரிச்சு வா" என்றாய். உனக்குத்தான் அந்த நாள் முக்கியம். டோக்கியோவில் அந்தப் பாடநூல் பதிப்பகத்துக்கு மூன்று தடவை நேர்காணலுக்குப் போனதில் மூன்று நாள், தூங்கிப்போனதில் இரண்டு நாள், ஐந்தும் தீர்ந்திருந்தது.

இருபத்தைந்தாம் தேதி பரீட்சை எழுதத் தகுதியுள்ளவர்கள் பட்டியலை ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. உன் பெயர் இல்லை. நீ கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் அவர் அறைக்கு ஓடினாய். உன் சீட்டு எங்கேயோ தொலைந்துவிட்டது என்றுதான் நீ நினைத்தாய். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

சீட்டு தொலையவில்லை, தமாயோ. அடுத்த நாள் அவர் என்னைக் கூப்பிட்டு மேசை மேல் இரண்டு இளம்பச்சைச் சீட்டுகளை வைத்தார். இரண்டிலும் சோனோபே இட்சுகோ என்று எழுதியிருந்தது. ஒன்று நீ எனக்காக எழுதுகிற அந்த உருண்டை எழுத்து. மற்றது உன் சொந்த எழுத்து. எனக்கு எழுதி முடித்த கையோடு, பழக்க தோஷத்தில் உன் சீட்டிலும் என் பெயரையே எழுதிவிட்டாய். பின்பக்கத்தையும் பார்த்தேன். எனக்காக எழுதியதில் குருட்டுப் புள்ளியைப் பற்றி ஒரு கெட்டிக்காரக் கேள்வி. உன்னுடையதில், "இன்று எல்லாம் புரிந்தது. இதுதான் கடைசி வகுப்பு என்பது மட்டும் புரியவில்லை" என்று இருந்தது.

"இதுல எது உன்னோடது?" என்று கேட்டார். நான் கெட்டிக்காரக் கேள்வியைத் தொட்டுக் காட்டினேன். மற்றது என்ன என்றார். "ஞாபகமில்லாம ரெண்டு தடவை எழுதிட்டேன் போல இருக்கு, சென்செய்" என்றேன். என் முகம் மலை வெயிலில் கருத்து, கண்ணைச் சுற்றிச் சறுக்குக் கண்ணாடியின் வெள்ளைத் தடம் அச்சடித்த மாதிரி இருந்தது. அந்த முகத்தோடுதான் சொன்னேன்.

அவர் இரண்டு சீட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு நீ அவரிடம் சொன்னதைச் சொன்னார். "நேத்து கசாமா வந்திருந்தா. மூணாவது வரிசையில ஜன்னலோரம் உக்காந்திருந்தேன், இட்சுகோ என் பக்கத்துலதான் இருந்தா, அவளைக் கேளுங்கன்னு சொன்னா." உனக்குப் பாடம் போகிற நேரத்திலும் நான் வந்திருந்ததாகத்தான் நீ சொல்லியிருக்கிறாய். "அவ உன் பக்கத்துல இருந்தாளா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் உன் சீட்டு எங்கே என்று தேடுவார். தேடினால் இரண்டும் ஒரே ஆள் எழுதியது என்று வெளியே வரும். கரும்பலகையில் எழுதிய சட்டம், நேர்முகத் தேர்வு எல்லாம் கண்முன் வந்தன. "கவனிக்கல, சென்செய்" என்றேன்.

"சரி, போ. வெயில்ல ஜாக்கிரதையா இரு" என்றார். அது ஜனவரி மாதம்.

இது போதாது என்று இன்னொன்றும் செய்தேன். அன்று சாயங்காலம் நீ அரிசி களைந்துகொண்டே, சென்செய் கேட்டாரா என்று கேட்டாய். கேட்டார், நீ இருந்தாய் என்று சொன்னேன், அவர்தான் நம்பவில்லை என்றேன். நீ ஈரக் கையோடு என் தோளைப் பிடித்து, "போகட்டும்டி. நீ சொன்னியே, அது போதும் எனக்கு" என்றாய். அந்த வார்த்தையை நான் தாங்கிக்கொண்டு எப்படிச் சோறு தின்றேன் என்று தெரியவில்லை. தின்றேன். இரண்டு தடவை வாங்கித் தின்றேன்.

பட்டம் இல்லாததால் பதிப்பகம் உன்னை வேண்டாம் என்றது. இன்னொரு வருடம் படிக்க வைக்க முடியாது, ஊருக்கு வா என்றார் உன் அப்பா. பட்டமளிப்பு அன்று காலையில் எனக்கு ஹகாமா உடையைக் கட்டிவிட்டது நீதான். கல்லூரி வாசலில் என்னை நிற்கவைத்துப் படமெடுத்ததும் நீதான். அந்தப் படத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். ஏப்ரலில் நீ வடக்கே போனாய், நான் குசுமோதோ சென்செயின் சிபாரிசோடு மேற்படிப்பில் சேர்ந்தேன். உன் சீட்டுக்கு எனக்குச் "சிறப்பு" என்று மதிப்பெண் போட்டிருந்தார்.

பன்னிரண்டு வருடம் கழித்து அவர் பணி ஓய்வு பெற்ற விருந்தில் எனக்கு சாக்கே மது ஊற்றிக்கொண்டே, யாருக்கும் கேட்காமல் சொன்னார். "ரெண்டும் கசாமா எழுத்துன்னு பாத்த உடனே தெரியும். ஒட்டின பட்டியலைத் திருத்தலாம்னு மூணு நாள் ஆபீசுக்கு அனுப்பாம வச்சிருந்தேன், சோனோபே. நீ வந்து சொல்லுவேன்னு பாத்தேன். வந்திருந்தா ரெண்டு பேரையும் தேத்திவிட்டிருப்பேன்." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்காகக் காத்திருந்ததற்குப் பதில் உன்னைக் கூப்பிட்டு அந்தச் சீட்டைக் காட்டியிருக்கலாமே. ஒரு பெண்ணின் பிழைப்பை வைத்து இன்னொருத்தியைச் சோதிக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? இன்றும் அதற்காக அவரை மன்னிக்கவில்லை. ஆனால் அவர்மேல் கோபப்படுவது எனக்கு வசதியாக இருந்தது என்பதும் தெரியும். மூன்று நாள். அடுத்த தெருவில்தான் அவர் அறை. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடமாக, என்னை ஒருத்தர் பிடிக்காமல் விட்டதற்காக என் மாணவிகளையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை உராபே தானாகவே வந்தாள். அன்று வரவில்லை, நீக்கிவிடுங்கள் என்றாள். அட்டையைக் கொடுத்தது தான்தான், மகிசேவை விட்டுவிடுங்கள் என்றாள். இருவரும் மாற்றி மாற்றித் தன் தப்புதான் என்றார்கள். நான் அந்த நாளை நீக்கினேன். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, விட்ட நாளுக்கு ஈடு வகுப்பு என்று அறிவித்து, நூற்றிருபது பேர் உட்காரும் அறையில் அந்த இரண்டு பேருக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்தினேன். கருவியை அணைத்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவரவர் அவரவர் பெயருக்கு எழுந்து நின்றார்கள். உனக்குச் சொல்வதை அவர்களிடம் சொல்லிவிட வாய்வரை வந்தது. உனக்கு முன்னால் வேறு யாருக்கும் சொல்வது முறையில்லை என்று விழுங்கினேன். துறைத் தலைவர், "உங்க சட்டத்தை நீங்களே மீறினா அடுத்த வருஷம் எல்லாரும் வந்து நிப்பாங்களே" என்றார். நிற்கட்டும் என்றேன். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குப் பட்டியல் போய்விட்டது. இருவரும் தேறிவிட்டார்கள், குறைந்தபட்ச மதிப்பெண்ணில்.

அவர்களுக்குச் செய்தது உனக்குச் செய்ததாக ஆகாது. அது எனக்குத் தெரியும். அந்தப் பதிப்பகத்தில் வாழவேண்டிய உன் வாழ்க்கையை நான் எங்கிருந்து கொண்டுவந்து தருவேன்? ஹகோதாதேயில் நீ சந்தோஷமாகத்தான் இருக்கிறாய், அங்கே போனதால்தானே அந்த நல்ல மனிதர் கிடைத்தார் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்ல வேண்டியவள் நீ, நான் அல்ல.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். திட்டி எழுது. உன் வாயால் நான் திட்டு வாங்கி முப்பத்தேழு வருடம் ஆகிறது. தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தினாலும் சரி. "எல்லாம் பழைய கதை, விடு" என்று மட்டும் எழுதாதே. நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். இதை வேண்டிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை, ஆனாலும் வேண்டிக்கொள்கிறேன்.

அன்று அவர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். அவர் இப்போது உயிரோடு இல்லை, அதனால் உன்னிடம் சொல்கிறேன். ஜனவரி இருபது, புதன்கிழமை, முதல் பீரியட். கசாமா தமாயோ வகுப்புக்கு வந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

இப்படிக்கு,
சோனோபே இட்சுகோ